ஜமுனாமரத்தூர் – போளூர் இறக்கத்தில் வரும் அந்த இடது வளைவு, என்னதான் பிரச்சினை?

அயனாவரம்_ரைடர்:
எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். போன மாதம் எங்கள் பைக் குரூப் பீமன் அருவி பார்த்துவிட்டு, ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் போளூர் வழியாகச் சென்னைக்குத் திரும்பினோம். நெருக்கமான வளைவுகளை எல்லாம் ஒழுங்காகத்தான் இறங்கினோம். அதற்குப் பிறகு சாலை கொஞ்சம் நேராகி, ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியதும் ஒரு இடது வளைவு வருகிறது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். பார்த்தால் ரொம்ப சாதுவாகத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் போன இரண்டு வண்டிகளும் சாலையின் நடுவைத் தாண்டி எதிர் ஓரம் வரைக்கும் போய்விட்டன. எதிரே எதுவும் வரவில்லை, தப்பித்தார்கள். அதில் ஒருவர் பல வருஷமாக மலையில் ஓட்டுகிறவர், வேகமும் 40, 45 தான் இருக்கும். கீழே டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்கார அம்மா, "அங்க புதுசா வர்ற வண்டியெல்லாம் அப்படித்தான் போகும்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். மண் கிடையாது, எண்ணெய் சிந்தவில்லை, சாலை புதிதாகப் போட்டது. அப்புறம் ஏன்?

பழைய_டூஸ்ட்ரோக்:
தம்பி, எந்த இடம் என்று புரிகிறது. அது போகப் போக இறுகுகிற வளைவு. நுழையும்போது பெரிய வட்டம், பாறையைத் தாண்டியதும் பாதியாகச் சுருங்குகிறது. வண்டிக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிமீ வேகத்தில் 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப வண்டி சுமார் 23 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வேகத்தில் ஆரம் 15 மீட்டர் ஆகிவிட்டால் 40 டிகிரி சாய வேண்டும். நம் ஊரில் ஓடுகிற குரூசர் வண்டிகளில் அதற்கு வெகு முன்பே ஃபுட்பெக் (கால் வைக்கிற கம்பி) தரையில் உரசும், ஓட்டுகிறவர் பயந்து வண்டியை நிமிர்த்திவிடுவார், நிமிர்த்தினால் அது நேராகத்தானே போகும்? பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் சஸ்பென்ஷன் அமுங்கி இன்னும் சீக்கிரம் உரசும். வேகம் கொஞ்சம் கூடினாலும் நிலைமை மோசம், 40க்குப் பதில் 50 என்றால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இன்னொரு விஷயம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அந்த இடத்தில் மின்கம்பங்கள் சாலையோடு திரும்பாமல் நேராகப் பள்ளத்தைத் தாண்டிப் போகின்றன. மேட்டில் ஏறும்போது நம் கண் கம்பங்களைத்தான் பிடிக்கும், சாலையும் அப்படியே போகும் என்று மனசு முடிவு செய்துவிடும். ஏலகிரியில் 14 வளைவு, கொல்லிமலையில் 70, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போர்டு இருக்கிறது, வேகமாக வருகிறவன்கூடப் போர்டைப் பார்த்ததும் கியரைக் குறைக்கிறான். இதற்குப் பேரும் இல்லை நம்பரும் இல்லை. மலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று உடம்பு தளர்ந்த நேரத்தில் வருகிறது.

போளூர்க்காரன்:
நான் அம்பத்தூரில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் போளூர் பக்கம். மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் வளைவை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான். ஏறி வருகிற பஸ்ஸுக்கு அது வலது வளைவு. பள்ளத்து ஓரம் ஒதுங்க எந்த டிரைவருக்கும் மனசு வராது, அதனால் பாறைப் பக்கமாக, அதாவது உங்கள் பக்கமாகத்தான் வருவார். நீங்கள் வெளியே போனாலும் ஆபத்து, சரியாகப் போனாலும் பஸ். மேட்டு மேலேயே ஹாரன் அடித்துவிடுங்கள், பதில் ஹாரன் வருகிறதா என்று கேளுங்கள். காதில் பாட்டு ஓடினால் இதெல்லாம் கேட்காது.

அறுவடை சமயத்தில் சாமைத் தாளையும் கேழ்வரகையும் சாலையில் பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறி மிதித்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். நமக்கு அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அந்த மலையில் வேறு களம் கிடைப்பது கஷ்டம். மழைக்கு மறுநாள் பாறையில் இருந்து செம்மண் கரைந்து வந்து சரியாக உள்பக்க ஓரத்தில் நிற்கும். நீங்கள் போன அன்று இல்லை, அவ்வளவுதான்.

டியூக்_போரூர்:
இவ்வளவு பேச்சு எதுக்கு ப்ரோ, ஏபிஎஸ் இருக்குல்ல, பிரேக் பிடிச்சா நிக்கப் போகுது.

பழைய_டூஸ்ட்ரோக்:
@டியூக்_போரூர் தம்பி, 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் எல்லாப் புது வண்டியிலும் ஏபிஎஸ் கட்டாயம், சரி. நிறைய வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும். அதுவும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், அவ்வளவே. டயருக்கு இருக்கிற பிடிப்பு ஒன்றுதான், அதில் பெரும்பகுதி சாய்ந்து திரும்பவே செலவாகிக்கொண்டிருக்கும்போது பிரேக்குக்கு மிச்சம் என்ன இருக்கும்? சாய்வையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற ஏபிஎஸ் சில வண்டிகளில்தான் வருகிறது, உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் அது சாலையை அகலமாக்காது.

அயனாவரம்_ரைடர்:
நன்றி அண்ணா, மின்கம்பம் விஷயம் இப்போதுதான் உறைக்கிறது, கேமராவில் எடுத்ததைத் திரும்பப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. சரி, தெரியாத மலையில் வளைவு இறுகப்போகிறது என்று எப்படி முன்பே கண்டுபிடிப்பது? உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

டிராக்_நாள்:
இது ஈசிஆரில் ஓட்டி வராது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொல்லித்தருகிற முதல் பாடமே இதுதான். வளைவில் சாலையின் இரண்டு ஓரமும் ஒன்றாகச் சேர்கிற மாதிரி ஒரு புள்ளி தெரியும் அல்லவா, அதையே பாருங்கள். நீங்கள் போகப் போக அதுவும் தள்ளிப் போனால் பிரச்சினை இல்லை. அது உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம் என்று அர்த்தம். அந்தப் புள்ளிக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். இடது வளைவில் பாறையை ஒட்டியே போனால் எதுவும் தெரியாது, சாலையில் உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் வலது தள்ளி நுழைந்து, திரும்புவதைத் தாமதமாக ஆரம்பியுங்கள். பஸ் வருகிற பாதை என்பதால் நடு வரைக்கும் போக வேண்டாம். பிரேக், கியர் எல்லாம் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மாட்டிக்கொண்டால்: பள்ளத்தைப் பார்க்காதீர்கள், கண் போகிற இடத்துக்கு வண்டியும் போகும். வளைவு முடிகிற இடத்தைப் பார்த்து, இடது ஹேண்டிலை முன்னால் தள்ளுங்கள், வண்டி இன்னும் சாயும். பயத்தில் முன் பிரேக்கை இறுக்காமல் பின் பிரேக்கை மட்டும் மெதுவாகத் தொடலாம். நல்ல டயர் நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும், பெரும்பாலும் முதலில் கைவிடுவது ஓட்டுகிறவர்தான்.

போளூர்க்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. அந்த இடத்தில் போனில் சிக்னல் எடுக்காது. யாராவது விழுந்தால் 108க்குக் கூப்பிடவே கொஞ்ச தூரம் கீழே வர வேண்டும். அதனால் குரூப்பாகப் போனால் கடைசியாக வருகிறவர் வந்து சேர்ந்தாரா என்று பார்க்காமல் யாரும் போளூர் வரைக்கும் போய்விடாதீர்கள்.

அயனாவரம்_ரைடர்:
சரி அண்ணா. நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு எச்சரிக்கைப் போர்டு கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், வீடியோவில் இருந்து படம் எடுத்து இணைக்கிறேன். அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட்டால் நல்லது, முடியுமா?

போளூர்க்காரன்:
போடறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பஸ் டிரைவர்கள்கிட்டயும் வாங்கித் தரேன்.