எழுபதைத் தாண்டினால் ஊளைச் சத்தம்: நான்கு சக்கர பேரிங்குகளையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். ஏழு பேர் அமரக்கூடிய, பின்சக்கரங்களால் இயங்கும் டீசல் எஸ்யூவி ஒன்றை எங்கள் குடும்பத்தில் பயன்படுத்தி வருகிறோம். ஐந்து கியர் கொண்ட மேனுவல் வண்டி. ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. அண்மைக் காலமாக, மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடுவது போன்ற ஊளைச் சத்தம் எழுகிறது. காலை எடுத்ததும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஓட்டுநர் இருக்கையில் லேசாகத்தான் கேட்கிறது. ஆனால், மூன்றாம் வரிசையில் அமரும் என் தாயார், சேலத்திலிருந்து கோவை போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடுவதாகச் சொல்கிறார். பணிமனை ஒன்றில் வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, நான்கு சக்கரங்களின் பேரிங்குகளையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். செலவில் இறங்குவதற்கு முன், கோளாறு எங்கே என்பதை நாமே உறுதிசெய்துகொள்ள வழி உண்டா?

பதில்: பணிமனை நடத்துபவர்

வணக்கம் ஐயா. பேரிங் வாங்குவதைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். காலை எடுத்தால் சத்தம் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். தேய்ந்துபோன சக்கர பேரிங், வண்டியின் வேகத்தைப் பொறுத்தே முழங்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதும் விடுவதும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. வளைவில்தான் அதன் குணம் தெரியும். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்வதால், அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், 80 கிலோமீட்டர் வேகத்தில் முதலில் நான்காம் கியரிலும், பிறகு அதே வேகத்தில் ஐந்தாம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சுற்று மாறும்போது சத்தத்தின் சுருதியும் மாறினால், பெல்ட், ஆல்டர்னேட்டர், டர்போ என்று முன்பக்கத்தில் தேட வேண்டும். சுருதி மாறாமல் அப்படியே நின்றால், கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து எஞ்சினை முறுக்கும்போது இந்தச் சத்தம் கேட்காவிட்டால், அதுவும் அதையே உறுதிப்படுத்தும். ஓட்டும்போது ஒருவரை மூன்றாம் வரிசையில் அமர்த்திக் காது கொடுக்கச் சொல்லுங்கள். பின் ஆக்ஸில் ஏறக்குறைய அந்த இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது.

சத்தம் உயர்ந்த சுருதியில், ஊளையாக இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் இத்தகைய வண்டியின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சுழல்கிறது; அதனால்தான் சக்கர பேரிங்கின் சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த முழக்கமாக இருக்கிறது. பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில், பினியன் என்ற சிறு பல்சக்கரம் கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரௌனில் 41 பற்கள் இருந்தால், அதே வேகத்தில் பினியனும் கிரௌனும் நொடிக்கு நானூறு முறைக்கு மேல் பல்லோடு பல் சேர்கின்றன. எண்ணெய் குறைந்தோ, பினியன் பேரிங் தளர்ந்தோ அந்தச் சேர்க்கை சற்று விலகினால், தாங்கள் சொல்லும் ஊளை பிறக்கும். எனவே, முதலில் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பாருங்கள். சமதளத்தில் வண்டியை ராம்ப்பில் ஏற்றி, மேலேயுள்ள, எண்ணெய் நிரப்பும் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரலை விட்டால், துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் தட்டுப்பட வேண்டும். இந்த போல்ட் கழல்கிறது என்று உறுதியான பிறகே கீழேயுள்ள, எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தொடச் சொல்லுங்கள். எண்ணெயை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் வண்டி ராம்ப்பிலேயே நின்றுவிடக் கூடாது.

பதில்: இன்னொரு வாசகர்

மேலே சொன்னதோடு டயர்களையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயரும் ஊளையிடும். ஆனால், புதிதாகத் தார் போட்ட சாலைக்கும் சிமென்ட் சாலைக்கும் அதன் சத்தம் தெளிவாக மாறும். முன் டயர்களைப் பின்னால் மாற்றினால் சத்தமும் இடம் மாறும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு கியர்களிலும் சுருதி மாறவில்லை, வளைவுகளிலும் வேறுபாடு இல்லை, டயர்கள் சீராகவே தேய்ந்திருக்கின்றன. ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தபோது, எஞ்சினின் விசையைப் பின்னால் கொண்டுவரும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலோடு சேரும் இடத்தைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் கலந்து கருநிறப் பிசினாக அப்பியிருந்தது. ஃபில்லர் துளைக்குள் விரலை முழுவதும் விட்டும் எண்ணெய் எட்டவில்லை. வடித்த எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புப் பொடி மட்டுமே இருந்தது, துண்டுகள் எதுவும் இல்லை. வண்டியின் கையேட்டில் உள்ளபடி ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 எண்ணெய் நிரப்பியதும் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 80-ஐத் தாண்டினால் மட்டும் மெல்லியதாகக் கேட்கிறது. பினியன் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்க வேண்டிய பினியன் சீல்தான் ஒழுகுகிறது போலும். அதை மாற்றிவிடலாமா?

பதில்: பணிமனை நடத்துபவர்

கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால், அந்த வேலையைக் கவனமாகச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். பினியன் நட்டைக் கழற்றுவதற்கு முன், நட்டுக்கும் தண்டுக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பொருந்தும் தட்டான ஃபிளாஞ்சுக்கும் அடையாளக் கோடு போட்டு, பினியன் எவ்வளவு இறுக்கமாகச் சுழல்கிறது என்றும் அளந்துகொள்ள வேண்டும். பல வண்டிகளில், நட்டை இறுக்கும்போது அளவோடு நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும் ஸ்லீவ் என்ற குழல் ஒன்று உள்ளே இருக்கிறது. நட்டை இம்பாக்ட் கன் கொண்டு கண்மூடித்தனமாக முறுக்கினால் அது அளவுக்கு மீறி நசுங்கி, பேரிங் இறுகிச் சூடேறி, இப்போது இல்லாத கோளாறும் வந்து சேரும். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலுள்ள, காற்று வெளியேறும் சிறு வழியான பிரீதரையும் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். அது மண்ணடைத்துப் போனால், ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியின்றிப் புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் கசியும்.

மீதமுள்ள மெல்லிய சத்தம், எண்ணெய் குறைந்து ஓடிய காலத்தில் ஏற்பட்ட தேய்மானமாக இருக்கலாம். அது கூடாமல் இருக்கும்வரை டிஃபரன்ஷியலைப் பிரிக்க வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் எண்ணெய் அளவை மறுபடி பாருங்கள். சத்தம் ஏறினாலோ, காலை எடுத்தபோதும் கேட்கத் தொடங்கினாலோ, பினியன் பேரிங்குகளை மாற்றும் வேளை வந்துவிட்டது. கிரௌனும் பினியனும் மாற்ற நேர்ந்தால், ஒன்றை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அவை இரண்டும் ஜோடியாகவே பொருத்தப்பட வேண்டியவை.