டிரெய்லர் முகாமுக்குப் புரோபேன் ஜெனரேட்டர்: வாங்கிப் பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

பாலைவனப் பயணி, அரிசோனா

வண்டியின் பின்னால் இழுத்துச் சென்று முகாமில் தங்கும் டிரெய்லருக்கு ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. பெட்ரோலிலும், சிலிண்டரில் வரும் புரோபேன் எரிவாயுவிலும் ஓடக்கூடிய இரட்டை எரிபொருள் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்றை நான் வாங்கினேன்; அதன் பெட்டியில் 3,400 வாட் என்றிருந்தது. அது பெட்ரோலில் ஓடும்போது, அதுவும் சில நொடிகளுக்கு மட்டும் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. புரோபேனில் அந்த உச்சம் 3,060 வாட்டாகவும், தொடர்ந்து கிடைக்கும் அளவு 2,790 வாட்டாகவும் குறையும் என்பது பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. வாயுவாகவே எஞ்சினுக்குள் நுழையும் புரோபேன், காற்றுக்குரிய இடத்தில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்வதால், பெட்ரோலுக்கென வடிவமைத்த எஞ்சினில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறன் குறைவது இயல்பு.

இந்தக் கணக்கோடு உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் 1,000 அடிக்கும் எஞ்சின் ஏறத்தாழ 3 முதல் 3.5 விழுக்காடு திறனை இழக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 அடிகூட உயராத குவார்ட்ஸைட் பாலைவனத்தில் கூரை ஏ.சி.யைத் தடையின்றி ஓட்டிய அதே ஜெனரேட்டர், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் காட்டுப் பகுதியில் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் திணறி, மிகைச்சுமை விளக்கை எரியவிட்டு மின்சாரத்தைத் துண்டித்தது. 13,500 பி.டி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏ.சி. ஓடுவதற்கு 1,500 வாட் அளவே போதும் என்றாலும், கிளம்பும்போது அதைப்போல் இரு மடங்கு கேட்கும். அந்த உயரத்தில் என்னிடம் மிஞ்சியிருந்த உச்சமோ 2,300 வாட் அளவுதான். கிளம்பும்போது கேட்கும் மின்சாரத்தைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியை ஏ.சி.க்குள் பொருத்திய பிறகு இந்தத் தொல்லை நீங்கியது. (ஃபிளாக்ஸ்டாஃப் குளிர்ச்சியில் ஏ.சி. எதற்கு என்று கேட்பவர்கள், ஜூன் மாத நடுப்பகலில் அலுமினியக் கூரையின் கீழ் அமர்ந்து பார்க்கலாம்.)

இவ்வளவுக்குப் பிறகும் நான் பெட்ரோலுக்குத் திரும்பவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் விட்டுவைத்தால் கார்பூரேட்டரில் பிசுக்கு படியும். புரோபேன் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் கெடாது. வண்டிக்குள் பெட்ரோல் நெடியும் இருக்காது. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று கால் பங்குச் சுமையில் 14 மணி நேரம் ஓடும் என்று தயாரிப்பாளர் சொல்வது என் அனுபவத்துக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது, ஏ.சி.யைத் தொடர்ந்து ஓட்டினால் அதில் பாதியை எதிர்பார்ப்பதே நியாயம். காலிச் சிலிண்டருக்கு நிரப்பியதை மாற்றித் தரும் கடை வாசல் கூண்டுகளில் 20 பவுண்டு சிலிண்டருக்குள் பெரும்பாலும் 15 பவுண்டு அளவே நிரப்பித் தருகிறார்கள் என்பதால், எடைக்கேற்ப நிரப்பித் தரும் நிலையங்களுக்குச் செல்வதே இலாபம்.

மலைச்சரிவு, கொலராடோ

மேலே எழுதிய நண்பர் வெயிலைச் சொன்னார். நான் குளிரைச் சொல்கிறேன். புரோபேன் மைனஸ் 44 பாரன்ஹீட்டில்தான் கொதிக்கும் என்பதால் குளிரில் சிக்கல் வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் திரவம் வாயுவாக மாறும்போது சிலிண்டரின் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. உறைநிலைக்கு வெகுவாகக் கீழே வெப்பம் இறங்கிய காலைகளில், பாதிக்கும் குறைவாக எரிபொருள் இருந்த 20 பவுண்டு சிலிண்டரின் வெளிப்புறத்தில் பனி படர்ந்து, ஜெனரேட்டர் ஏறி இறங்கி ஓடி, இறுதியில் நின்றே போனது. உள்ளே எரிபொருள் இருந்தும் போதிய வேகத்தில் வாயு வெளிவரவில்லை. இப்போது குளிர்காலத்தில் 30 பவுண்டு சிலிண்டரை, அதுவும் நிறைவாக, வைத்தே இயக்குகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிரிரவில் டிரெய்லரின் ஹீட்டரும் புரோபேனில்தான் எரிகிறது. அதன் விசிறி பேட்டரியைத் தீர்க்கிறது. தீர்ந்த பேட்டரியை ஏற்ற ஜெனரேட்டரும் புரோபேனையே கேட்கிறது. ஒரே சேமிப்பிலிருந்து இரண்டும் எடுப்பதால், வெயில்காலக் கணக்கை வைத்துக்கொண்டு மலையேறுவது சரிப்படாது.

அமைதி விரும்பி, கலிபோர்னியா

ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் முகாம்களில் ஜெனரேட்டரைக் காலை 7 முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே இயக்கலாம். தேசியப் பூங்காக்களின் பொது விதிப்படி 50 அடி தூரத்தில் ஓசை 60 டெசிபெலைத் தாண்டக் கூடாது. ஆகவே அங்கு செல்பவர்கள் இரவு முழுவதும் ஏ.சி. ஓட்டும் கனவோடு பெரிய ஜெனரேட்டர் வாங்குவதில் பொருளில்லை என்பது என் கருத்து. பேட்டரியை ஏற்ற சிறியதே போதும். புரோபேன் தூய்மையாக எரிகிறது என்ற பேச்சை நம்பி ஜெனரேட்டரை ஜன்னலருகே வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு; 20 அடியாவது தள்ளி, காற்று வீசும் திசை பார்த்து வைக்க வேண்டும், பக்கத்துக் கூடாரத்தையும் நினைவில் கொண்டு.

புதிதாக வாங்கியவர்களை அச்சுறுத்தும் ஒரு செய்தி: டிரெய்லருக்கு வரும் மின்சாரத்தைச் சோதித்து அனுப்பும் மின்காப்புக் கருவி வழியாக ஜெனரேட்டரை இணைத்தவுடன், தரை இணைப்பு (எர்த்) இல்லை என்று காட்டி அக்கருவி மின்சாரத்தை அனுமதிக்காது. ஜெனரேட்டர் பழுதானதாக எண்ண வேண்டாம். கையடக்க இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைக்கப்பட்டிருப்பதில்லை. அவற்றை இணைக்கும் சிறிய பிளக் ஒன்றைக் காலியாக உள்ள சாக்கெட்டில் செருகினால் போதும்.

பாலைவனப் பயணி, அரிசோனா

டிரெய்லரின் வெளிப்புறத்தில் அடுப்புக்காக உள்ள புரோபேன் முனையிலேயே ஜெனரேட்டரை இணைக்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். அந்த முனைக்கு வரும் வாயுவின் அழுத்தம் டிரெய்லரின் ரெகுலேட்டரால் ஏற்கெனவே குறைக்கப்பட்டுவிட்டது. ஜெனரேட்டருடன் வரும் ரெகுலேட்டரோ சிலிண்டரின் முழு அழுத்தத்தை எதிர்பார்ப்பது. இரண்டையும் தொடராக இணைத்தால் எஞ்சினுக்குப் போதிய வாயு கிடைக்காது. தனிச் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது டிரெய்லரின் ரெகுலேட்டருக்கு முன்பாக, உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து கிளை எடுக்கும் வேலையைத் தகுதியுள்ள பணியாளரிடம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லையென்று பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.