ஸ்பிரிங் சமர், ஃபோல் விண்டர் எல்லாம் எங்கட திருகோணமலைக்கு எப்பிடிப் பொருந்தும்? நீங்க எந்த டிசைனரைப் பாத்துப் பழகுறீங்க?

உப்புவெளி தையல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில வீட்டோட சேத்து ஒரு சின்னத் தையல் கடை வச்சிருக்கிறன், இவ்வளவு காலமும் ஓடர் வந்தா தைக்கிறதுதான், சாறி ஜக்கெட், சல்வார், பள்ளிக்கூட யூனிஃபோம் எண்டு போகும். இந்த முறை சித்திரை வருசப்பிறப்பில இருந்து ஆவணி வரைக்கும் நானே டிசைன் பண்ணி கொஞ்சம் ரெடிமேட்டாத் தைச்சு விப்பம் எண்டு ஆசை. மே மாசம் தொடங்கினா கடற்கரைப் பக்கம் வெளிநாட்டு ஆக்களும் கொழும்பு ஆக்களும் வருவினம், அவையும் லேசான உடுப்புத்தான் தேடுவினம், நம்மட பிள்ளையளும் இப்ப ரெடிமேட்தான் கூட எடுக்கினம்.

ஆனா ஃபோனைத் திறந்தா தலை சுத்துது. ஸ்பிரிங் சமர் கலெக்‌ஷன், ஃபோல் விண்டர் கலெக்‌ஷன் எண்டு மாறி மாறி வருது, ஒருத்தர் இந்த வருசம் பிரவுண் எண்டுறா, மற்றவ பட்டர் மஞ்சள் எண்டுறா, எங்களுக்கு இஞ்ச ஃபோலும் இல்லை விண்டரும் இல்லை, கச்சான் எண்ட சூடான தென்மேல் காத்தும் மாரி மழையும்தான். கச்சான் அடிக்கிற நேரம் மத்தியானம் என்.சி. வீதியில பொலியெஸ்டர் சட்டையோட நடந்தவைக்குத் தெரியும் அந்தப் பாடு. கஸ்டமர் கொண்டுவாற படமோ முழுக்க வேலைப்பாடு போட்ட லெஹங்காவும் முழுக்கை கவுணும்.

அதால கேக்கிறன், இந்த சீசன் ட்ரெண்டை எல்லாம் நாங்க எப்பிடி எடுத்துக்கொள்ளோணும், எதை விடோணும்? அதோட நீங்க உண்மையா மதிக்கிற டிசைனர் ஆர், அவையிட்ட இருந்து என்ன பழகினீங்க? பெயர் பெரிசா இருக்கு எண்டதுக்காக இல்லாம, ஒரு தையல்காரிக்குப் பிரயோசனமான ஆக்களைச் சொல்லுங்கோ.

உவர்மலை அக்கா:

தங்கச்சி, நல்ல முயற்சி, விடாதேங்கோ. நான் கன காலமாப் பிள்ளையளுக்குத் தையல் பழக்கிறன், என்ர அனுபவத்தில சொல்லுறன்.

முதல்ல எங்கட கலண்டரை வச்சு யோசியுங்கோ. தைப்பொங்கல், சித்திரையை ஒட்டி கோணேசர் கோயில் திருவிழா, வருசப்பிறப்பு, ஆடியில கல்யாணம் இல்லை அதால ஓடர் குறையும், ஆவணியில திரும்பக் கல்யாணம், பிறகு நவராத்திரி, தீபாவளி. எங்களுக்கு சீசன் எண்டா இதுதான். நிறத்துக்கு இன்ஸ்டாவைப் பாக்கிற மாதிரி பஞ்சாங்கத்தையும் பாருங்கோ. வருசப்பிறப்பண்டு மருத்துநீர் எண்ட மூலிகைத் தண்ணி வச்சுக் குளிச்சிட்டு என்ன நிற உடுப்பு உடுக்கோணும் எண்டு ஒவ்வொரு வருசமும் அதில போட்டிருக்கும், வருசப்பிறப்புக்கு முதல் கிழமை கடையில வாற அம்மாமார் அந்த நிறத்தைத்தான் கேட்பினம். வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் ரெண்டையும் பாத்துக்கொள்ளுங்கோ, சில வீட்டில அது, சில வீட்டில இது. பஞ்சாங்கம் வெள்ளனவே வந்திடும், அதால துணி எடுக்க உங்களுக்கு நேரம் இருக்கு.

ரெண்டாவது துணி. டிசைனை முதல் கீறிப்போட்டு அதுக்குத் துணி தேடப் போகாதேங்கோ, துணியைக் கையில எடுத்துக் கசக்கிப் பாத்திட்டு அது என்னவா வரும் எண்டு யோசியுங்கோ. கச்சான் காலத்துக்கு வாயில் (voile) எண்ட மெல்லிய கொட்டன், லினன், மெல்லிய கைத்தறி, உடம்போட ஒட்டாத வெட்டு, கக்கத்தில கொஞ்சம் லூசு விடுங்கோ, காத்து உள்ள போய் வரோணும், வேர்வை காயோணும். மாரிக்கு தடிச்ச கொட்டனைத் தைச்சா ரெண்டு நாளாகியும் காயாது, ஈர மணம் வரும், அப்ப மெல்லிய ரேயோன், கடும் நிறம். இன்னொண்டு, எங்கட கடற்கரைக் காத்துக்கு முழு வட்டப் பாவாடை தைச்சா பிள்ளையள் பாவாடையைப் பிடிச்சுக்கொண்டேதான் நடக்கோணும். ஏ லைன் வெட்டி, கீழ்மடிப்பை நாலு அங்குலம் அகலமா மடிச்சுத் தையுங்கோ, அந்தப் பாரத்துக்கு துணி கீழ நிக்கும். பொக்கெட் கட்டாயம் வையுங்கோ, ஃபோன் வைக்க இடம் இருந்தாலே சட்டை விலைப்படும்.

டிசைனர் எண்டு கேட்டா நான் தலைவணங்கிறது ரெண்டு பேருக்கு. ஒண்டு பாபரா சன்சோனி, கொழும்பில பெயாஃபூட் எண்ட கைத்தறி நிறுவனத்தை 1964இல தொடங்கினவ, 2022இல காலமானா. அவ எடுத்த நிறங்களைப் பாருங்கோ, ஊதாவுக்குப் பக்கத்தில ஒரேஞ்ச், பச்சைக்குப் பக்கத்தில ரோசா, சொல்லிக் கேட்டா பொருந்தாது மாதிரி இருக்கும், பக்கத்துப் பக்கத்தில வச்சா வெயிலுக்க மின்னும். எங்கட நாட்டு வெளிச்சத்துக்கு எது எடுக்கும் எண்டு தெரிஞ்சு நெய்விச்ச நிறங்கள் அது. மற்றவ ஈனா டி சில்வா, 1922 தொடக்கம் 2015 வரை வாழ்ந்தவ, இலங்கையில பத்திக்குக்கு ஒரு மரியாதை எடுத்துக் குடுத்தவ, மாத்தளை அலுவிகாரையில ஊர்ப் பெண்களைச் சேத்து பத்திக்கும் எம்பிராய்டரியும் செய்விச்சா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டின பென்தோட்டை பீச் ஹோட்டல் முகட்டுக்கு அவவின்ர பத்திக்தான் போட்டவை. மெழுகு வச்சு சாயம் போடுற அந்த வேலையை மெல்லிய வாயில் துணியில செய்விச்சுப் பாருங்கோ, கடற்கரைக்கு வாற ஆக்களுக்கு வேற ஒண்டும் தேவையில்லை.

கைத்தறிக்கு எங்கட கிழக்குக் கரையில மருதமுனை இருக்கு, சாரம் (லுங்கி), சாறி எல்லாம் அங்க நெய்யுறது பேர்போனது. நேர போய் எடுத்துப் பாருங்கோ. சாரத் துணியில குர்த்தியும் கோட் சட்டையும் தைச்சா எவ்வளவு வடிவு.

மூதூர் பிள்ளை:

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா வெளிநாட்டு ட்ரெண்டை முழுசா ஒதுக்கவும் வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன். நான் மொரட்டுவ கம்பஸில ஃபெஷன் டிசைன் படிக்கிறன், அந்த சீசன் விசயம் எப்பிடி ஓடுது எண்டு விளங்கினாக் குழப்பம் பாதி குறையும்.

நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் நாலிலயும் செப்டம்பர், ஒக்டோபரில காட்டுறது அடுத்த வருச ஸ்பிரிங் சமர் உடுப்பு, பெப்ரவரி, மார்ச்சில காட்டுறது அந்த வருசக் கடைசிக்கான ஃபோல் விண்டர். காட்டினதுக்கும் கடைக்கு வாறதுக்கும் நடுவில கிட்டத்தட்ட ஆறு மாசம் இருக்கு. அதால நீங்க செப்டம்பரில வாற ஸ்பிரிங் சமர் படங்களை மட்டும் சேத்து வையுங்கோ, சித்திரைக்கும் கச்சான் காலத்துக்கும் அதுதான் உதவும், மற்ற சீசனில கோட்டும் கம்பளியும்தான். நிறத்துக்கு பான்டோன் எண்ட நிறுவனம் வருசா வருசம் ஒரு நிறம் அறிவிக்கும், 2024க்கு பீச் ஃபஸ், 2025க்கு மொக்கா மூஸ் எண்ட கபில நிறம். நீங்க கேட்ட பிரவுண் கதை அங்க இருந்துதான் வந்தது. அதை அப்பிடியே எடுக்கத் தேவையில்லை, பஞ்சாங்க நிறம் சிவப்பு எண்டா அந்தக் கபிலத்தைக் கரைக்கோ பட்டனுக்கோ போட்டுப் பாருங்கோ, ரெண்டும் சேரும்.

டிசைனரில எனக்கு ஜப்பான்காரர் இசே மியாகே. 2022இல இறந்திட்டார். 1993இல ப்ளீட்ஸ் ப்ளீஸ் எண்டு ஒண்டு கொண்டுவந்தவர், வழமையா துணிக்கு ப்ளீட் பிடிச்சிட்டுத்தான் தைப்பினம், அவர் உடுப்பை பெரிசா, ரெண்டரை மூண்டு மடங்குக்கு முதல் தைச்சிட்டு பிறகு பேப்பருக்கு நடுவில வச்சு சூட்டில அமத்தி ப்ளீட் வைப்பார். கசங்காது, தோய்ச்சா கெதியாக் காயும், ப்ளீட் நிமிந்து நிக்கிறதால துணி உடம்பில முழுசா ஒட்டாது. அது பொலியெஸ்டர்தான், ஆனா ஏன் அந்தத் துணி, ஏன் அந்த வெட்டு எண்டதுக்கு ஒரு காரணம் இருக்கு பாருங்கோ, நான் அவரிட்டப் பழகினது அதுதான். இன்னொரு ஆள் மடலின் வியோனே, 1920களில துணியைக் குறுக்கால சாய்ச்சு வெட்டுற பயஸ் கட்டைப் பிரபலமாக்கின பிரெஞ்சுப் பெண். அந்த வெட்டில ஒரு சட்டை பழகினீங்க எண்டா சிப்பும் டார்ட்டும் குறைச்சு உடம்புக்கு அளவா வைக்கலாம், துணி மட்டும் கொஞ்சம் கூடப் போகும்.

லெஹங்கா விசயம், 2017இல ஹிந்தி நடிகை அனுஷ்கா சர்மா கல்யாணத்துக்கு இந்திய டிசைனர் சப்யசாச்சி முகர்ஜி மெல்லிய ரோசா நிறத்தில தைச்சுக் குடுத்தவர், அதுக்குப் பிறகு கல்யாணப் பொம்பிளையளே மங்கல் நிறம் கேக்கத் தொடங்கினது. நம்மட கல்யாணக் கூறைச் சீலை சிவப்பாவே இருக்கட்டும், வரவேற்புக்கு அந்த மங்கல் நிறத்தை எடுக்கலாம். வேலைப்பாட்டை முழுக்கப் போடாம கழுத்திலயும் கைவிளிம்பிலயும் மட்டும் போட்டு, மிச்சத்தை வெறுமனே விடச் சொல்லுங்கோ, பாரமும் குறையும், சூடும் குறையும், படத்திலயும் வடிவா வரும். கையால செய்யிற எம்பிராய்டரிக்கு உலகத்தில எவ்வளவு மரியாதை எண்டா, 2023 மார்ச்சில டியோர் எண்ட பிரெஞ்சு ஃபெஷன் நிறுவனம் தன்ர ஷோவை மும்பையில கேற்வே ஒஃப் இந்தியாவுக்கு முன்னால வச்சது, அதுக்கான எம்பிராய்டரியை மும்பை சாணக்யா நிறுவனக் கைவினைஞர்தான் செய்தவை. அதால கைவேலைக்குக் காசு கேக்கக் கூச்சப்படாதேங்கோ அக்கா.

கட் பீஸ் வாங்குறனீங்களா? காமெண்ட்ஸ் ஃபெக்டரியில மிஞ்சுற துணியை வச்சே டிசைன் பண்ணுற லொனாலி ரொட்ரிகோ எண்டு ஒருத்தர் கொழும்பில இருக்கிறா, ஹவுஸ் ஒஃப் லொனாலி எண்டு தேடிப் பாருங்கோ. சின்னத் துண்டுகளை எப்பிடி நிறம் சேத்து ஒட்டுறது எண்டு அவவின்ர வேலையைப் பாத்தே பழகலாம்.

கிண்ணியா ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி, உங்கட கலண்டரில எங்கட ரெண்டு பெருநாளையும் சேருங்க. நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும், 2024ல பெருநாளும் சித்திரை வருசமும் ஒரே கிழமைக்குள்ள வந்து தையல்காரங்க எல்லாரும் ராத்திரியிலயும் மெசின் மிதிச்சாங்க, இனி அது மார்ச்சுக்கும் பெப்ரவரிக்கும் போகுது. அப்ப ரெண்டுக்கும் நடுவில உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், வேலையும் தொடர்ந்து இருக்கும்.

அபாயாவும் இப்ப சும்மா கறுப்பு மட்டும் இல்ல. பிள்ளைகள் பீஜ், ஒலிவ் பச்சை, தூசி ரோசா எண்டு கேக்குறாங்க, முன்னால திறந்த கட், கிமோனோ கை, உள்ளுக்கு அதே நிறத்தில ஒரு நீளச் சட்டை. 2016ல டோல்ச்சே அண்ட் கபானாவே அபாயாவும் ஹிஜாபும் கலெக்‌ஷனா வெளியிட்டாங்க. ஆனா அந்தப் பெயர்களை விட எங்களுக்குத் தேவை துணி தெரிஞ்ச தையல்காரி. அபாயா தைக்கிற நிதா எண்ட பொலியெஸ்டர் துணி வழுக்கும், நல்ல மெல்லிய ஊசி போட்டுத் தைக்கணும், சூடு குறைச்சு அயர்ன் பண்ணணும். கச்சான் காலத்துக்கு லினன் கலந்த துணியில அபாயா தைச்சுத் தந்தீங்கண்டா கிண்ணியாவில இருந்து உப்புவெளிக்கு நாங்க வாறம், இப்ப பாலமும் இருக்கு. கை அகலமா வைங்க, ஆனா மணிக்கட்டில ஒரு சின்ன லாஸ்டிக் போடுங்க, தொழுகைக்கு முன்னால கை கால் கழுவி வுளு எடுக்கேக்க மேல ஏத்தி விட வசதி.

ஸ்காபரோ திருமலை:

நாங்கள் ஜூலை, ஓகஸ்ட் லீவுக்குத்தான் ஊருக்கு வாறனாங்கள். கனடாவில வாங்கின உடுப்பு ஒண்டும் அங்க போடேலாது, ரெண்டு நாளில கடைக்கு ஓடுவம். பிள்ளையளுக்கு கோயிலுக்குப் போடக்கூடிய, கையுள்ள, முழங்காலுக்குக் கீழ வாற கொட்டன் சட்டை ரெடியா இருந்தா அள்ளிக்கொண்டு போவம். சைசை வெறும் நம்பரில போடாம நெஞ்சளவு, நீளம் எண்டு அங்குலத்தில எழுதுங்கோ தங்கச்சி, வாட்ஸப்பிலயே ஓடர் பண்ணலாம்.

உப்புவெளி தையல்:

எல்லாருக்கும் கோடி நன்றி, அழுகையே வந்திட்டு. மருதமுனைத் துணியில ஏ லைன் சட்டை, வாயில் பத்திக்கில கடற்கரைக்கு ஒரு லூஸ் குர்த்தி, ராத்தா சொன்ன லினன் அபாயா, இந்த மூண்டோட தொடங்குறன். உவர்மலை அக்கா, கைத்தறியும் ரேயோனும் சுருங்கும் தானே, ரெடிமேட்டுக்கு என்ன செய்யிறது? லைனிங்குக்கு எது?

உவர்மலை அக்கா:

ரேயோன் கட்டாயம் சுருங்கும் பிள்ளை, கைத்தறியும் கொஞ்சம் சுருங்கும். வெட்ட முதல் முழுத் துணியையும் பச்சைத் தண்ணியில ஒரு இரவு ஊறப்போட்டு, பிழியாம நிழலில காயவிட்டு, அயர்ன் பண்ணிட்டு வெட்டுங்கோ. கடும் நிறத்தை வேறயா ஊறப்போடுங்கோ, சாயம் இறங்கினா ரெண்டாந்தரமும் அலசுங்கோ. லைனிங்குக்கு மெல்லிய கொட்டன், அதையும் அதே மாதிரி ஊறப்போடோணும், இல்லாட்டி முதல் தோய்ச்சலுக்கே உள்துணி சுருங்கி வெளித்துணி தொங்கும். கச்சான் காலச் சட்டைக்கு மேலுடம்புக்கு மட்டும் லைனிங் போதும். முதல்ல ஒவ்வொரு டிசைனிலயும் நடு சைசில ஒண்டு தைச்சு நீங்களே போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் வாங்கோ, எங்க பிடிக்குது, எங்க பறக்குது எண்டு தெரிஞ்சபிறகு மிச்சத்தை வெட்டலாம்.