இஞ்சிச் சோடாக் குழாய்க்குள் வழவழப்பு: எப்படிக் கழுவுவது?

இரண்டாங்கட்டு (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். அப்பச்சியின் சாந்திக் கலியாணத்திற்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக, பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் கதவில் இரண்டு டேப்புகளைப் பொருத்தி, உள்ளே 19 லிட்டர் கெக் (வாயு அழுத்தத்தில் பானம் வைக்கும் எவர்சில்வர் பீப்பாய்) இரண்டை வைத்து, ஒன்றில் இஞ்சி எலுமிச்சைச் சோடாவும் மற்றொன்றில் நன்னாரிச் சோடாவும் நிரப்பினோம். விசேஷம் முடிந்த பிறகும் பிள்ளைகள் விடுவதாக இல்லை. ஆகவே நான்கு மாதங்களாக அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை நாளும் கெக்கை மட்டும்தான் கழுவினோம், கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயைக் கழுவ வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இப்போது இஞ்சிச் சோடா புளித்த வாடையுடன் வருகிறது, முதல் டம்ளர் முதல் கடைசி டம்ளர் வரை பாதிக்கு மேல் நுரைதான். டேப்பைக் கழற்றி விரலை விட்டால் வழவழவென்று ஏதோ ஒட்டுகிறது. ஒருவர் சொன்னாரென்று ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து விட்டோம். வாடை போகவில்லை, வெள்ளையாக மண்டிதான் தங்கியது. ஏர் கூலர் மோட்டாரை வைத்து ஏதேனும் மருந்துத் தண்ணீரைச் சுற்றவிடலாமா?

கடல்கடந்தவன் (சிங்கப்பூர், ஊர் தேவகோட்டை)

நான் இங்கே வீட்டில் பீருக்காக இதே அமைப்பை வைத்திருப்பவன். உங்களிடம் இருக்கும் 19 லிட்டர் கெக் குளிர்பானத்திற்கென்றே பிறந்தது; பீர் வடிப்பவர்கள் பிற்பாடு அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள். ஆகவே கழுவும் முறையைத் திரும்பக் கடன் வாங்குவதில் தவறில்லை.

முதல் டம்ளர் மட்டும் நுரைத்தால் டேப்பும் குழாயும் சூடாகிவிட்டன என்று பொருள். எல்லா டம்ளரும் நுரைப்பதால் உங்கள் குழாய்ச் சுவரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படலமாகப் படர்ந்திருக்கக்கூடும். தொட்டால் வழவழத்தாலும் அந்தப் படலத்தின் மேடுபள்ளங்களில்தான் வாயு கரைசலிலிருந்து பிரிந்து குமிழாகிறது. பீர்க் குழாயில் இதற்கு மேல் கால்சியம் ஆக்சலேட் கல்லாகப் படியும். அதற்குத்தான் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அமிலம். அமெரிக்காவில் பீர் வடிப்பவர்களின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் பீர்க் கடைகளுக்குச் சொல்லும் கணக்கு, 14 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 2 சதவீதக் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலை 27 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 நிமிடம் சுற்றவிடுவது, அல்லது சுற்றவிட வழியில்லாவிட்டால் 20 நிமிடம் குழாய்க்குள் நிற்கவிடுவது. நம் ஊர் வெயிலில் வைத்த தண்ணீருக்கு அந்தச் சூடு தானே வந்துவிடும்.

உங்களுக்கு அதிகம் தேவைப்படாது. 3/16 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிதான் கொள்ளும்; ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் காஸ்டிக் போதும். கூலர் மோட்டாருக்கு இவ்வளவு மெல்லிய குழாயில் தள்ளும் வலு இருக்காது. செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு டப்பா ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து ஊற்றிய டப்பா எந்த நிலையிலும் கூடாது. கெக்கில் காஸ்டிக்கை ஊற்றிக் கரியமில வாயுவால் தள்ளவும் வேண்டாம், ஏனெனில் அந்த வாயு காஸ்டிக்கைச் சலவைச் சோடாவாக மாற்றி அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரமே கரையும். டேப்பைத் தனியே கழற்றித் தூரிகையால் தேய்க்க வேண்டும். நான் பார்த்தவரை நாற்றத்தின் பாதி அங்கேதான் இருக்கும்.

ஊருணிக்கரை

அந்த வெள்ளை மண்டி ப்ளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பு. தம்பி, அதை நல்ல தண்ணீரால் முழுதும் அலசித் தள்ளுவதற்கு முன் எந்த அமிலத்தையும் உள்ளே விட்டுவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சைப் பிடித்துவிடும். குளோரின் எவர்சில்வரையும் நாளடைவில் பொத்தலாக்கும்.

இன்னொன்று, போர் தண்ணீரில் காஸ்டிக்கைக் கரைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் உடனே வெண்மையாகத் திரிந்து குழாயிலேயே படியும். நம் பக்கத்து வீடுகளில் முற்றத்து மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லையே, அதில் கரைத்துப் பாருங்கள். அலசிய பிறகு படிவு தெரிந்தால், ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டு இருபது நிமிடம் நிறுத்தலாம்.

நீங்கள் டேப்பின் உலோகத்தைச் சொல்லவில்லை. மேல்முலாம் போய்ப் பித்தளை தெரிந்தால் மாற்றிவிடுங்கள். புளி போட்டுத் துலக்கினால் பித்தளை பளபளக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் புளிப்பு செம்பைக் கரைப்பதால்தான் அது பளபளக்கிறது. சோடாவின் புளிப்பும் அதே வேலையைச் செய்து உங்கள் டம்ளரில் செம்பைச் சேர்க்கும்.

ஆச்சி வீட்டுச் சமையல்

காஸ்டிக் முழுதும் போயிற்றா என்று எப்படித் தெரியும் என யாரும் சொல்லவில்லையே. மஞ்சளில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியில், கடைசியாக அலசிய தண்ணீரைச் சொட்டுவிடுங்கள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பது போலவே, காஸ்டிக்கின் காரம் மிச்சமிருந்தால் துணி சிவக்கும். மஞ்சளாகவே நின்றால் குடிக்கலாம். லிட்மஸ் தாள் கிடைத்தால் அதிலும் பார்க்கலாம்.

நன்னாரி ஓடிய குழாயை எத்தனை முறை கழுவினாலும் அந்த மணம் போகாது, பிளாஸ்டிக்கே குடித்துவிடும். அதை நன்னாரிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாங்கட்டு (காரைக்குடி)

ஆச்சிக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. நேற்றுச் செய்து பார்த்தோம். முதலில் வெளிவந்த கரைசல் வெளிர்மஞ்சளாக, நூல் நூலாக வந்ததை இங்கே விவரிக்காமல் இருப்பதே நல்லது. ஐந்தாவது அலசலில்தான் மஞ்சள் துணி சிவக்காமல் நின்றது. நன்னாரிக் குழாய் தேறிவிட்டது. இஞ்சிக் குழாயில் மட்டும் வாடை சற்றே மிஞ்சியதால் அதை வெட்டியெறிந்து, உணவுக்குரிய தரமுள்ள புதுக் குழாய் மூன்று மீட்டர் போட்டுவிட்டேன். இரண்டு டேப்பில் ஒன்றில் ஊருணிக்கரை ஐயா சொன்னபடியே உள்ளே பித்தளை தெரிந்தது. எவர்சில்வர் டேப் வரும்வரை இஞ்சிச் சோடாவை நிறுத்திவைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்குத்தான் கோபம்.