பெரியவர்களுக்குக் கேள்வி கேட்கப் பழக்க யோசனை வேண்டும்

நண்பர்களே, எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலை பெரியவர்கள் இருபது பேர் வரை கூடுகிறோம். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பாமல், இது எங்கே எடுத்தது, யார் சொன்னது என்று கேட்கப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

முதல் வாரம், 2018-இல் பரவிய பிள்ளை பிடிக்கும் வீடியோ. கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. குழந்தையைத் திரும்ப விடும் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்தச் சமயத்து வதந்தியால் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். இதைச் சொன்னதும் யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம்தான் சிக்கல். 1995-இல் பிள்ளையார் சிலைகள் கரண்டியில் நீட்டிய பாலைக் குடிப்பதாகப் பரவிய விஷயத்தை எடுத்தேன். பாலில் நிறம் கலந்து, கரண்டியைக் கருங்கல்லில் ஒட்டிப் பிடித்தால் பால் மெல்லிய கோடாக வழிவது தெரியும். பார்த்த ஒரு அம்மா, "சாமியைச் சோதிக்கிறியா தம்பி?" என்று கலங்கிவிட்டார். அப்புறம் அவர் வரவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

நம்பிக்கையைப் புண்படுத்தாமல் இதை எப்படிச் சொல்லித்தருவது? முக்கியமாக, சர்க்கரை நோய்க்கு மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்திகளை எப்படி எடுத்துப் பேசுவது? படிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய பயிற்சி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.