பேசல் செல் தோல் புற்று: கத்தி வைக்காத சிகிச்சையில் எங்கே தவறுகிறது?

தோல்பிரிவுச் செவிலி:
பேசல் செல் புற்று என்பது மேல்தோலின் அடி அடுக்கில் தொடங்கி மெதுவாக வளரும் தோல் புற்று. இதற்குப் பூசும் இமிகிமாட் 5% க்ரீம் எழுதி வாங்கிப்போனவர்கள் பதறிக்கொண்டு திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான். "மருந்து ஒத்துக்கலை, புண்ணாயிடுச்சு" என்பார்கள். பார்த்தால் அந்த இடம் கன்றிச் சிவந்து, நடுவில் பழுப்பாகப் பொருக்குத் தட்டி, ஓரம் லேசாகக் கசியும். பெரும்பாலும் இது ஒவ்வாமை இல்லை. இந்த மருந்து புற்றைச் சுட்டுப் பொசுக்குவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் செல்களை அங்கே வரவழைக்கிறது. அவை வந்து வேலை செய்வதால்தான் சிவக்கிறது. தாமாக நிறுத்திவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதை. தாங்கவே முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லிச் சில நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம். சீழ் வைத்தாலோ, காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்தாலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

மருந்தாளுநர்:
பூசும் அளவில்தான் குழப்பம் அதிகம். கட்டி 1 செ.மீ.க்குள் என்றால் 4 மி.மீ. அகலத் துளி போதும். 1 முதல் 1.5 செ.மீ. வரை 5 மி.மீ. துளி, அதற்கு மேல் 2 செ.மீ. வரை 7 மி.மீ. துளி. கட்டியோடு நிறுத்தாமல் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலிலும் தேய்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் புற்று படர்ந்திருக்கலாம். வாரத்தில் 5 இரவு, மொத்தம் 6 வாரம். திங்கள் முதல் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 8 மணி நேரம் கழித்து சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்திரி வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் பூசாதீர்கள். பிரித்த பாக்கெட்டில் மிச்சத்தை எடுத்து வைக்கவும் கூடாது.

தோல் மருத்துவர்:
இவ்வளவும் மேலோட்டமாகப் படரும் வகைக்குத்தான் பொருந்தும். ஆழமாக வேர்விட்டுப் பரவும் வகைக்கும், மூக்கு, இமை, காது ஓரக் கட்டிகளுக்கும் க்ரீமை நம்பி நாள் கடத்தக் கூடாது. மேல்தோல் ஆறி மூடிவிடும், அடியில் புற்று வளர்ந்துகொண்டே இருக்கும். எந்த வகை என்று பயாப்சிதான், அதாவது தோலில் துளி வெட்டி எடுத்துச் செய்யும் சோதனைதான் சொல்லும். நம் நிறத்தவர்களுக்கு இந்தப் புற்று பல நேரம் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். பயாப்சி எடுக்காமல் க்ரீம் கேட்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நெதர்லாந்தில் மேலோட்ட வகைக்கு மூன்று சிகிச்சைகளை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 5 ஆண்டு முடிவில் புற்று திரும்பாமல் இருந்தவர்கள்: இமிகிமாட் 80.5%, ஃபுளூரோயுராசில் என்ற புற்றுச் செல்களைக் கொல்லும் க்ரீம் 70%, மருந்து தடவிச் சிவப்பு ஒளி பாய்ச்சும் ஒளிச் சிகிச்சை 62.7%. பிரிட்டனில் நடந்த இன்னொரு ஆய்வில் அறுவைக்கு 97.7%, இமிகிமாடுக்கு 82.5%. இந்த இடைவெளியை நோயாளியிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒளிச் சிகிச்சை தோற்பதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி கண்ணில் படும். பொருக்கைச் சுரண்டாமல் மருந்து தடவினால் உள்ளே இறங்காது. கட்டி தடித்தோ கறுத்தோ இருந்தால் சிவப்பு ஒளி அடிவரை போகாது. மருந்து 3 மணி நேரம் மூடியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. விளக்கு எரியும் சில நிமிடங்கள் நன்றாகவே வலிக்கும்.

கதிர்வீச்சுப் பிரிவு:
அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்குக் கதிர்வீச்சு நல்ல வழி. இளையவர்களுக்குத் தயங்குவோம், அந்தத் தோல் ஆண்டுகள் போகப் போக வெளுத்து, மெலிந்து, சிறு ரத்தக் குழாய்கள் தெரியும். கோர்லின் நோய்க்குறி (இந்தப் புற்று பல இடங்களில் வரவைக்கும் மரபுக் கோளாறு) இருந்தால் கூடாது, கதிர் பட்ட இடத்திலேயே புதிய கட்டிகள் கிளம்பும்.

தோல்பிரிவுச் செவிலி:
ஒன்று விட்டுப்போச்சு. பலனைப் பார்ப்பது க்ரீம் முடிந்து 12 வாரம் கழித்து. அதற்கு முன் சிவப்பே கண்ணை ஏமாற்றும். பக்கவாட்டில் டார்ச் அடித்து, இரண்டு விரலால் தோலை இழுத்துப் பாருங்கள். முத்துப் போல மினுங்கும் ஓரம் தெரிந்தால் மறுபடி பயாப்சிக்குப் போக வேண்டும்.