கடலோரத்துச் சின்னக் கல்லூரி: படித்தவர்களின் அனுபவங்கள்

தங்கச்சிமடத்துக்காரன்:

மதுரையில் இடம் கிடைத்தும் போகாமல், ராமநாதபுரம் பக்கம் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் சின்னக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தவன் நான். பக்தியால் அல்ல, விசைப்படகால். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரை திரும்பும். இறாலைத் தரம் பிரிக்க வீட்டில் ஆள் வேண்டும். மதுரை விடுதியில் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டு கை குறைந்துவிடும் என்பது அப்பாவின் கணக்கு.

ஆகவே செவ்வாயும் வியாழனும் முதல் வகுப்பு தவறும். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுதுவது சிக்கல். துறைத் தலைவர் ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “செவ்வாய், வியாழன் மட்டும் உனக்கு என்ன காய்ச்சல்?” என்று கேட்டார். சொன்னேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்து ஒட்டப்பட்ட அட்டவணையில் எங்கள் வகுப்பின் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் எல்லாம் புதன், வெள்ளிக்கு மாறியிருந்தன. பெரிய கல்லூரியில் இது நடந்திருக்குமா? அங்கே நான் வெறும் பதிவு எண்.

கட்டணம் வேறு கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. கல்லூரி திறப்பதோ ஜூனில். ஆண்டிலேயே எங்கள் வீட்டில் கையில் காசு இல்லாத வாரத்தில்தான் அலுவலகத்தில் கட்டண வரிசை நிற்கும். தடை முடிந்து படகு போனதும் பணம் கொட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். டீசல் கடன், ஐஸ் கடன், வலை பழுது பார்த்த செலவு எல்லாம் கழிந்த பிறகுதான் ஆளுக்குப் பங்கு. கடலுக்குப் போய்வரும் முதல் சில பாடுகளில் வீட்டுக்கு வருவது குழம்பு மீன் மட்டும்.

அலுவலகத்தில் இருந்தவருக்கு இந்த நியாயமெல்லாம் காதில் ஏறவில்லை. முதல்வர் ஃபாதரிடம் போனேன். அவரும் கடற்கரை ஊரில் பிறந்தவர். படகு சொந்தமா, பங்குக்கா என்று ஒரே ஒரு கேள்வி. பங்குக்கு என்றேன். விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘ஆகஸ்ட் வரை பொறுக்கவும்’ என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளைப் பட்டம் வாங்கும்வரை பத்திரமாக வைத்திருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் அதைக் காட்டியே தப்பித்தேன்.

“போயும் போயும் ஃபாதர் காலேஜா?” என்று உறவினர்கள் கேட்கும்போது அப்பத்தாவிடம் பதில் தயாராக இருக்கும். அப்துல் கலாம் ராமநாதபுரத்தில் படித்தது ஷ்வார்ட்ஸ் பள்ளி, பிறகு போனது திருச்சி புனித வளனார் கல்லூரி. எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லாத ஆண்டு விழா உண்டா? கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அப்பத்தா சொன்னால் எதிராளி வாயை மூடிக்கொள்வார்.

பெரியபட்டினத்துப் பெண்:

எங்கள் குடும்பத்தில் சிலுவை வைத்த வாசலுக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். வாப்பா சேர்க்கையன்றே கேட்டுவிட்டார்: “ஜெபத்துக்கு இவளும் உட்கார வேண்டுமா?” கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்றார் சிஸ்டர். அப்படியேதான் இருந்தது. நன்னெறி வகுப்பில் நாங்கள் அரட்டை அடித்ததுதான் மிகுதி. அது தனிக் கதை.

நோன்பு மாதத்தில் செமஸ்டர் தேர்வு வந்தது. பிற்பகல் தேர்வின்போது கண்காணிப்பாளராக வந்த சிஸ்டர், என்னையும் நோன்பிருந்த இன்னும் இருவரையும் வெயில் படாத ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார். வீட்டில் சொன்னேன். உம்மா மறுநாள் ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்ப, கன்னியர் மடத்துச் சமையற்கட்டில் அது நிமிடத்தில் காலியானது.

சாயல்குடிப் பக்கம்:

எல்லாரும் சர்க்கரையாகவே பேசுகிறீர்கள். நானும் அப்படி ஒரு கல்லூரியில் படித்தவன்தான், ஊர் வேறு. விரும்பிய இயற்பியல் அங்கே இல்லை. இருந்த நாலைந்து பாடப்பிரிவில் ஒன்றை எடுத்தேன். பேராசிரியர்களில் சிலர் ஆண்டுக்கொருவராக மாறினார்கள், கொடுத்த சம்பளம் அப்படி. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது நல்லதுக்கு மட்டுமா? பஸ் நிறுத்தத்தில் உடன் படிக்கும் பெண்ணிடம் நோட்டு வாங்கியதற்கு, நான் வீடு போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்குத் தொலைபேசி போய்விட்டது. விடுதிக் காப்பாளர் எங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதைத் தம் உரிமையாகவே நினைத்தார்.

கல்லூரியிலிருந்து ஓரியூர் போனதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் தலை வெட்டப்பட்ட இடம். அவரிடம் மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, பாதிரியாரைத் தண்டித்த ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. மதச் சண்டை என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாத குடும்ப வழக்கு இது. வரலாற்று ஆசிரியர் இதை அந்தச் செம்மணல் மேட்டிலேயே உட்கார வைத்துச் சொன்னார். அந்த மண்ணை மறவர் வீட்டு நண்பன் ஒருவன் பாட்டிக்கென்று காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டான்.

பாசிக்காரி மகள்:

நான் விலங்கியல். அம்மா கடல்பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெண்கள் சேர்ந்து வள்ளத்தில் போய், தீவோரத்தில் மூழ்கிப் பறிப்பார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றியிருக்கும். துணியை அவிழ்த்தால் நுனித் தோல் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் கறுப்பாகக் கீறல் தெரியும்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986, 21 தீவுகள் என்று வகுப்பில் பாடம் ஓடியது. தீவுப் பக்கம் போனதற்காக அம்மாவின் பாசி மூட்டை பறிபோனதை எழுந்து சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. சிஸ்டர் யோசித்துவிட்டு, “அம்மாவை ஒரு நாள் கூட்டி வா, அவரே பாடம் எடுக்கட்டும்” என்றார்.

விசேஷத்துக்கு உடுத்தும் சேலையில் வந்த அம்மா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். சிஸ்டர் தானும் நின்றுகொண்டதால் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிகளை மேசையில் பிரித்துப் போட்டார். மரிக்கொழுந்திலிருந்து ஜெல்லி போல உறையும் அகர் எடுக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பாடம். எந்தப் பாறையில் வேரை விட்டுவிட்டுப் பறித்தால் மறுபடி தழைக்கும் என்பது அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். ஃபார்மலினில் கிடந்த கடல் அட்டையைப் பார்த்து, “2001இல் இதைப் பிடிக்கக் கூடாது என்று தடை வந்தபோது உன் மாமா அழுதது தெரியுமா?” என்று என்னைக் கேட்டார். அதுவரை எனக்குத் தெரியாது.

வீடு போகும் வழியெல்லாம் சிஸ்டர் கொடுத்த தேநீரில் சர்க்கரை போதவில்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

மண்டபம் அம்மா:

மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இப்படியொரு கல்லூரியில் சேர்க்கலாமா? இவ்வளவு தூரம் அனுப்பப் பயமாக இருக்கிறது.

தங்கச்சிமடத்துக்காரன்:

சேர்க்கலாம் அக்கா, ஆனால் சாயல்குடித் தம்பி சொன்னதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்கும் பாடப்பிரிவு அங்கே இல்லையென்றால், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வேறொன்றில் தள்ளிவிடாதீர்கள். பட்டம், இந்த மாவட்டத்தில் எந்தக் கல்லூரியில் படித்தாலும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறதா என்று கேளுங்கள். துறையில் எத்தனை பேர் நிரந்தரம் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும், கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். அரசு டவுன் பஸ் என்றால் அவளுக்கு டிக்கெட் இல்லை. கட்டணத்துக்குத் தவணை கேட்கத் தயங்க வேண்டாம். அலுவலகத்தில் கேட்காதீர்கள், நேரே முதல்வரிடம் போய்விடுங்கள்.